திரும்பி வராத விமானங்கள்: இரத்மலானை வான்வழியும் விபத்துக் காரணங்களும்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் காலி வீதி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை ஆகிய இடங்களைக் கடந்து இரத்மலானையை அடையுமிடத்தில், வீதிக்குக் கிழக்கே அமைந்துள்ள விமான நிலையமே இலங்கையின் முதலாவது குடிசார் விமான நிலையமாகும். கொழும்பு மக்கள் விமானம் பறப்பதை 1912ஆம் ஆண்டிலேயே குதிரைப்பந்தயத் திடலில் பார்த்திருந்தனர் எனினும், நிலையான ஓடுதளம் ஒன்று அமைவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1935 நவம்பர் 27 அன்று, சென்னை விமானக் கழகத்தின் பயிற்றுநரான டிண்டேல் பிஸ்கோ செலுத்திவந்த பஸ் மோத் என்னும் சிறு விமானம் இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கியது. 1938இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானங்கள் இங்கு வரத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரில் அது பிரித்தானிய வான்படையின் தளமாக மாறி, 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அவற்றை எதிர்த்த போர் விமானங்கள் இங்கிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்தன. போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 10 அன்று, புதிதாக அமைந்த எயார் சிலோன் நிறுவனத்தின் 'சீதா தேவி' என்ற டிசி-3 விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது.

நாட்டின் தேசிய விமான நிறுவனம் தொடங்கிய முதற் பாதையே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் தமிழகத்தையும் ஒரே கோட்டில் இணைத்தது என்பது கவனிக்கத்தக்கது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழருக்கு, வசதியுள்ளோரின் பயணமாகத் தொடங்கிய வான்பயணம், பிற்காலத்தில் உள்நாட்டுப் போர் தரைவழியை அடைத்தபோது, ஊருக்குச் செல்வதற்கு எஞ்சிய மிகச் சில வழிகளுள் ஒன்றாயிற்று. ஆதலால், இப்பாதையிலும் இதனை அடுத்துள்ள தென்னிந்திய, இலங்கை வான்பரப்பிலும் உந்துசுழலி விமானங்களுக்கு நேர்ந்த விபத்துகளின் வரலாறு, பொறியியல் வரலாற்றின் ஒரு பகுதியாக இருப்பதோடு, இம்மக்களின் சமூக வரலாற்றின் பகுதியாகவும் அமைகிறது. அவ்விபத்துகள் எவ்வாறு நேர்ந்தன, அவற்றின் காரணங்கள் எவ்வாறு அறியப்பட்டன, எங்கே அறியப்படாமற் போயின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

காரணம் காணும் முறை

விமான விபத்து விசாரணையின் முடிவில் கூறப்படுவது 'நிகழ்தகு காரணம்' எனப்படும். கிடைத்த சான்றுகள் அனைத்தையும் எடைபோட்டபின், அவற்றோடு மிகப் பொருந்தி நிற்கும் விளக்கம் எதுவோ, அதனையே விசாரணையாளர் காரணமாக முன்வைக்கின்றனர் என்பது இதன் பொருள். நேரிற் கண்டு சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் உயிருடன் எஞ்சுவதில்லை. இயந்திரம் எரிந்தோ சிதைந்தோ கிடக்கும். ஆகவே உலோகத்தின் முறிவு, சிதைவுகள் பரவிக் கிடக்கும் முறை, சுழலித் தகடுகள் வளைந்திருக்கும் திசை, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் நடந்த இறுதி உரையாடல், அன்றைய வானிலைப் பதிவு ஆகியவற்றிலிருந்தே நடந்ததை மீளக் கட்டவேண்டியுள்ளது. எடுத்துக்காட்டாக, நிலத்தில் மோதும் கணத்தில் இயந்திரம் முழு விசையுடன் இயங்கிக்கொண்டிருந்ததா, முன்பே நின்றுவிட்டதா என்பதைச் சுழலித் தகடுகள் வளைந்துள்ள விதமே ஓரளவு காட்டிவிடும்.

1944இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை, ஒரு நாட்டில் வேறொரு நாட்டின் விமானம் கடும் விபத்துக்கு உள்ளானால் விசாரணை நடத்தவேண்டிய கடமையை, விபத்து நேர்ந்த நாட்டின்மீது சுமத்தியது. அவ்வுடன்படிக்கையின் வழியே உருவான சர்வதேச குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு, 1951இல் ஏற்றுக்கொண்ட பதின்மூன்றாம் இணைப்பில் விசாரணைக்கான விதிகளை வகுத்தது. விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதேயன்றி, எவர்மீதும் குற்றமோ பொறுப்போ சுமத்துவதன்று என்பது இன்று அவ்விணைப்பின் அடிப்படைக் கோட்பாடாக விளங்குகிறது. இலங்கையிலும் 1950ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க வான்செலவுச் சட்டம் இத்துறைக்குச் சட்ட அடித்தளத்தை இட்டது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குடிசார் வான்போக்குவரத்துச் சட்டம் பின்னர் அதனை விரிவாக்கியது. ஆகவே, காரணத்தைக் கண்டறிந்து வெளிப்படுத்துவது அரசின் விருப்பத்தைச் சார்ந்த செயலாக அன்றி, அதன் கடமையாகவே எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருதப்பட்டு வந்துள்ளது.

ஓடுபாதையில் நேர்ந்தவை

எயார் சிலோனின் முதல் விமானங்களான டிசி-3 வகை, 1935இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 குதிரைவலு கொண்ட இரு பிஸ்டன் இயந்திரங்கள், அவற்றால் சுழலும் இரு உந்துசுழலிகள், இரு முன்சக்கரங்களும் வாலில் ஒரு சிறு சக்கரமும் கொண்ட அமைப்பு ஆகியவை இதன் முக்கிய இயல்புகள். உறுதிக்கும் எளிமைக்கும் பேர்பெற்ற இவ்விமானத்துக்கு இரு வரையறைகள் இருந்தன. வாற்சக்கர அமைப்பில் விமானத்தின் எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைவதால், தரையிறங்கி ஓடும்போது பக்கக் காற்று சிறிது தள்ளினாலும் வால் முன்னோக்கிச் சுழன்றுவரும் போக்குடையது. அதனைக் கால்மிதிகளால் அடக்கிக்கொண்டே இருப்பது விமானியின் திறமையைச் சார்ந்தது. மேலும், பயணிகள் அறையின் காற்றழுத்தம் பேணப்படாததால், மேகத்துக்கும் புயலுக்கும் மேலே மிக உயரத்தில் பறந்து செல்ல அதனால் இயலாது. வானிலை எத்தகையதாயினும் அதனூடாகவோ அதன் அடியிலோதான் செல்லவேண்டும்.

1949 டிசம்பர் 21 அன்று எயார் சிலோனின் டிசி-3 ஒன்று திருச்சிராப்பள்ளியில் தரையிறங்கும்போது மோதி, பழுதுபார்க்கும் செலவு அதன் மதிப்பையே விஞ்சும் அளவுக்குச் சேதமுற்றது. தொடங்கி இரண்டே ஆண்டுகளான, மிகச் சில விமானங்களையே கொண்டிருந்த நிறுவனம் ஒன்றுக்கு இது பேரிழப்பாகும். அக்காலத்தில் ஆசியாவெங்கும் சிறு விமான நிலையங்களின் ஓடுபாதைகள் பல, போர்க்காலத் தேவைக்காக அவசரமாக இடப்பட்டவை. விமானத்தை மேகத்தினூடே ஓடுபாதை வரை வழிநடத்தும் கருவிகள் அவற்றிற் பெரும்பாலானவற்றில் இல்லை. இறங்கும் கடைசி நிமிடங்களில் விமானியின் கண்ணும் கையுமே துணையாயின.

இரத்மலானையிலேயே நேர்ந்த இன்னொரு நிகழ்வு, கருவிகள் முன்னேறிய பின்னும் மனித வழு எவ்வாறு எஞ்சியது என்பதைக் காட்டுகிறது. 1961 நவம்பர் 15 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் விக்கர்ஸ் வைகவுண்ட் விமானம் ஒன்று இங்கு மீளமுடியாத சேதத்துக்கு உள்ளாயிற்று. இறங்குசக்கரங்களைத் துணை விமானி உரிய நேரத்துக்கு முன்பே மடக்கிவிட்டதே அதன் காரணம். வைகவுண்ட், டர்போபுரொப் வகையைச் சேர்ந்த முதல் பயணிகள் விமானம். அதாவது, ஜெட் இயந்திரத்தைப் போன்ற சுழலாழியில் எரிபொருளை எரித்து, அவ்விசையால் உந்துசுழலியைச் சுழற்றும் வகை. பிஸ்டன் இயந்திரத்தை விட அதிர்வு குறைந்ததும் நம்பத்தக்கதுமான இவ்வியந்திரத்துக்கு இவ்விபத்தில் எப்பங்கும் இல்லை. இரு விமானிகளுக்கிடையே கட்டளை, மறுமொழி, சரிபார்ப்பு ஆகியவை ஒரே ஒழுங்கில் நடக்கவேண்டும் என்பதையே இத்தகைய நிகழ்வுகள் உலகெங்கும் வலியுறுத்தின. பிற்காலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இரு விமானிகளும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல்கள் கட்டாயமான நடைமுறையாக வேரூன்றியதற்கு இவையும் பின்னணியாயின.

மலையும் மேகமும்

ஓடுபாதை விபத்துகளில் உயிர் தப்புதல் பெரும்பாலும் சாத்தியமாயிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் நேர்ந்தவை அத்தகையன அல்ல. இயந்திரம் சரிவர இயங்கிக்கொண்டிருக்க, விமானம் விமானியின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க, மலை எதிரே நிற்பதை அறியாமலே அதனுள் பறந்து மோதுவது இவ்வகை விபத்தின் இயல்பு. உந்துசுழலிக் காலத்தில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்த வகைகளுள் இது முதன்மையானது.

1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டிசி-3 வகை விமானம் ஒன்று பம்பாயிலிருந்து கோயம்புத்தூர் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பயணத்தில், நீலகிரியின் கோத்தகிரிப் பகுதியிலுள்ள இரங்கசாமி மலைச்சிகரத்தில் மோதியது. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. கோயம்புத்தூர் நகரம் நீலகிரியின் தென்கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்க, அதன் வடமேற்கே நீலகிரி 2,600 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் விமானம் தான் இருக்கும் இடத்தைச் சில நிமிடப் பறப்புத் தொலைவு தவறாகக் கணித்தாலும், சமவெளிக்கு மேலே இறங்குவதாக எண்ணிக்கொண்டு மலைக்குள் இறங்க நேரும். வழிகணிப்பில் நேர்ந்த தவறே இவ்விபத்தின் காரணமாகக் கூறப்பட்டது. அழுத்தமானியும் திசைகாட்டியும் கடிகாரமுமே பெரும்பாலும் துணையாயிருந்த அக்காலத்தில், எதிர்பாராத காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், அத்தள்ளுதலை நிலத்தைக் கண்டாலன்றி உணர இயலாது. மேகம் நிலத்தை மறைத்தாலோ கணக்கு மட்டுமே எஞ்சும்.

அவ்விமானத்தில் தன் மனைவியோடு பயணம் செய்து உயிரிழந்தவர்களுள் ஒருவர், இந்தியாவில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்த கணிதப் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட். விமானப் பாதுகாப்பு வரலாற்றில் அவருக்குத் தனி இடமுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் அவர், எதிரியின் குண்டுபட்டும் திரும்பிவந்த விமானங்களின் சேதத்தைக் கொண்டு, திரும்பாதவற்றின் நிலையை மதிப்பிடும் முறைகளை வகுத்தார். திரும்பிவந்த விமானத்தில் துளைகள் நிறைந்திருக்கும் பகுதி, அடிபட்டாலும் விமானம் தாங்கக்கூடிய பகுதி. துளையே காணப்படாத பகுதியில் அடிபட்ட விமானங்கள்தாம் திரும்பவில்லை. ஆதலால் கவசம் தேவைப்படுவது துளையற்ற பகுதிக்கே என்பது அவ்வாய்வின் சாரம். இதிலிருந்து விபத்து விசாரணைக்குப் பெறப்படும் நெறி ஒன்று உண்டு. பாதுகாப்பாகத் தரையிறங்கிய ஆயிரம் பயணங்கள் சொல்லாத செய்தியை, திரும்பாத ஒரு விமானத்தின் சிதைவு சொல்லக்கூடும். அச்சிதைவைத் தேடி எடுத்துப் படிக்காதவரை, கண்முன் இருக்கும் சான்றே நம்மைத் தவறான முடிபுக்கு இட்டுச் செல்லும்.

நீலகிரியில் நேர்ந்தது இருபத்தோராண்டுகளுக்குப் பின் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறொரு முனையில் மீண்டும் நேர்ந்தது. 1971 டிசம்பர் 9 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் அவ்ரோ எச்.எஸ். 748 வகை விமானம் மதுரையை நோக்கி இறங்கிவருகையில், சின்னமனூருக்கு அருகே உயர்ந்த மலைப்பகுதியில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் உயிரிழந்தனர். பகல் வேளையாயினும் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. எயார் சிலோனும் பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பாதையில் பயன்படுத்திய இதே வகை விமானம், இரு டர்போபுரொப் இயந்திரங்களும் காற்றழுத்தம் பேணும் அறையும் கொண்டது. டிசி-3ஐ விட உயரமாகப் பறக்கவல்லது. எனினும், உயரப் பறக்கும் ஆற்றல் எத்துணையிருந்தும், இறங்கவேண்டிய வேளையில் ஒவ்வொரு விமானமும் மலையின் உயரத்துக்குத் தாழ்ந்தே ஆகவேண்டும். மலையைக் கடந்துவிட்டோம் என்பது உறுதியாகும் முன் இறங்கத் தொடங்குவதே இவ்வகை விபத்துகள் பலவற்றின் பொதுக்கூறு.

இக்கூறு உந்துசுழலி விமானங்களோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இலங்கையே சான்று. 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 ஜெட் விமானம், கட்டுநாயக்கா விமான நிலையத்தை நோக்கி இறங்கும்போது மஸ்கெலியாவை அடுத்த சப்தகன்னி மலையில் மோதி, அதில் இருந்த 191 பேரும் உயிரிழந்தனர். விமானத்தின் இருப்பிடத்தைத் தவறாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்தை விட்டு இறங்கியதே காரணமென விசாரணை முடிபு கண்டது. இயந்திரம் மாறியது, வேகமும் அளவும் பன்மடங்காகின, காரணமோ கோத்தகிரியில் கண்டதே. நிலத்தின் அருகாமையை ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி 1970களின் நடுப்பகுதியிலிருந்து பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கப்படத் தொடங்கியதும், பின்னாளில் செய்மதி வழிகாட்டலும் எண்ணியல் நிலவரைபடமும் அதனோடு இணைந்ததும், இத்தகைய விபத்துகளின் அறிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரே செய்தியைக் கூறியதன் விளைவேயாகும்.

இயந்திரத்தினுள் ஒளிந்த காரணங்கள்

உந்துசுழலி விமானத்துக்கே உரிய ஆபத்துகளும் உள. பறக்கையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அதன் சுழலித் தகடுகள் காற்றை முகங்கொடுத்து நின்று பெருந்தடையை உண்டாக்கும். ஆதலால் தகடுகளின் விளிம்பு மட்டும் காற்றுக்கு எதிராக இருக்கும்படி உடனே திருப்பிவிட வேண்டும். இது தவறினாலோ, பதற்றத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே விமானி நிறுத்திவிட்டாலோ, இரு இயந்திர விமானம் ஒன்றில் உயரத்தைப் பேணுவது கடினமாகும். இவ்வகை விபத்துகளைப் பயிற்சியால் குறைக்க முடிந்தது. ஆனால், எவரும் முன்னறியாத காரணங்களும் இருந்தன. அவற்றைக் கண்டறிந்த வரலாறு விசாரணைக் கலையின் பெருமைக்குரிய பக்கங்களுள் ஒன்றாகும்.

அமெரிக்காவில் லொக்ஹீட் எலக்ட்ரா என்னும் நான்கு இயந்திர டர்போபுரொப் விமானம் சேவைக்கு வந்த சிறிது காலத்தில், 1959 செப்டெம்பர் 29 அன்று டெக்சஸ் மாநிலத்தில் ஒன்று நடுவானில் சிதறி 34 பேர் இறந்தனர். 1960 மார்ச் 17 அன்று இண்டியானா மாநிலத்தில் மற்றொன்று அவ்வாறே சிதறி 63 பேர் இறந்தனர். முதல் விபத்து மட்டும் நிகழ்ந்திருந்த வேளையில் காரணம் பிடிபடவில்லை. இரண்டின் சிதைவுகளையும் ஒப்பிட்டபோதே அது வெளிப்பட்டது. வேகமாகச் சுழலும் சுழலி, சுழலும் பம்பரத்தைப் போன்று தன் அச்சைப் பேண முயலும் இயல்புடையது. அதனைத் தாங்கும் இயந்திரப் பிணைப்பு பலவீனமடைந்தால் சுழலியின் அச்சு தள்ளாடத் தொடங்கும். அத்தள்ளாட்டத்தின் அதிர்வெண் இறக்கையின் இயல்பான அதிர்வெண்ணுடன் ஒத்துவரும் கணத்தில் அதிர்வு பெருகி, சில நொடிகளில் இறக்கையையே பிய்த்தெறியும். காரணம் அறியப்பட்டபின் இயந்திரப் பிணைப்புகளும் இறக்கையும் வலுப்படுத்தப்பட்டன. அதே வகை விமானங்கள் அதன்பின் பல தசாப்தங்கள் பறந்தன.

காரணம் காண இயலாத விசாரணையும் பயனற்றுப் போவதில்லை. 1960 ஜூன் 10 அன்று அவுஸ்திரேலியாவின் மக்காய் நகருக்கு அருகே, ஃபொக்கர் ஃபிரெண்ட்ஷிப் என்னும் இரு இயந்திர உந்துசுழலி விமானம் தரையிறங்கக் காத்திருந்த வேளையில் கடலில் வீழ்ந்து 29 பேர் இறந்தனர். விசாரணைச் சபையால் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. ஆயினும், இனி இவ்வாறு அறியாமையில் நிற்க நேரக்கூடாது என்ற நோக்கில், விமானங்களில் பறப்புப் பதிவுக் கருவிகளைப் பொருத்தவேண்டுமென அது பரிந்துரைத்தது. அவுஸ்திரேலியரான டேவிட் வாரன் 1950களில் உருவாக்கிய பதிவுக் கருவியின் கருத்து இவ்வாறு சட்டத்தின் ஆதரவைப் பெறும் வழி திறந்தது. கருப்புப் பெட்டி என்று மக்கள் அழைக்கும் கருவி உலகெங்கும் பரவியதில், காரணம் தெரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஓர் அறிக்கைக்கும் பங்குண்டு.

விபத்தெனக் கூறவியலாதவை

இலங்கையின் உந்துசுழலி விமான இழப்புகளுள் ஒரு பகுதி, மேற்கூறிய எந்த வகையிலும் அடங்காது. 1978 செப்டெம்பர் 7 அன்று, நாட்டின் இரண்டாம் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்த நாளில், எயார் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையில் தரையில் நின்றிருந்தபோது குண்டுவெடித்து எரிந்து அழிந்தது, உயிரிழப்பு நேரவில்லை. அடுத்த ஆண்டு எயார் லங்கா தொடங்கப்பட, எயார் சிலோனின் காலம் முடிவுக்கு வந்தது. உள்நாட்டுப் போர் முற்றிய பின், 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாள்களில், இலங்கை விமானப்படையின் இரு அவ்ரோ விமானங்கள் யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத் தளத்துக்கு அருகே விடுதலைப் புலிகளின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டு நூறு பேரளவில் இறந்தனர். தோளில் வைத்து ஏவப்படும் இவ்வகை ஏவுகணை, இயந்திரத்தின் வெப்பத்தைப் பின்தொடர்ந்து செல்வது. புறப்பட்டு மெல்ல உயர்ந்துவரும் உந்துசுழலி விமானம் அதன் எல்லைக்குள் நெடுநேரம் இருப்பதால் எளிதில் இலக்காகும்.

இத்தகைய வான்பரப்பில்தான் யாழ்ப்பாணத்து மக்களும் பறக்கவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 வீதி அடைபட்டிருந்த அக்காலத்தில், கடவுச்சீட்டு, விசா, மருத்துவம், வெளிநாட்டிலுள்ள உறவினரைச் சேர்தல் ஆகிய எதற்காயினும் கொழும்புக்கு வரவேண்டியவர்கள் கப்பலையோ விமானத்தையோ நாடினர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த உறவினர் வீடுகளும் விடுதிகளுமே அவர்களுக்குத் தங்குமிடங்களாயின. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் 602ஆம் இலக்கப் பயணம், 48 பயணிகளையும் 7 பணியாளர்களையும் கொண்டிருந்தது. அன்டனோவ் 24 வகையைச் சேர்ந்த அவ்விமானம், புறப்பட்டு ஏறத்தாழ 10 நிமிடங்களில் ராடார் திரையிலிருந்து மறைந்தது. பயணிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழ்க் குடிமக்கள்; எவரும் மீண்டு வரவில்லை. வடக்கிற்கான குடிசார் விமானப் பயணங்கள் அதனோடு நிறுத்தப்பட்டன.

விடுதலைப் புலிகள் ஏவுகணையால் அவ்விமானத்தை வீழ்த்தினர் என்ற கூற்று தொடக்கத்திலேயே எழுந்தது. ஆனால், விமானம் வீழ்ந்த கடற்பரப்பு போரின் எல்லைக்குள் இருந்தமையால், விசாரணைக்கு முதன்மையான சிதைவுகள் கைக்கெட்டாமலே பதினான்கு ஆண்டுகள் சென்றன. போர் முடிந்தபின், 2012இல், முன்னாள் போராளி ஒருவரிடமிருந்து கிடைத்த தகவலைத் தொடர்ந்து, இரணைதீவை அடுத்த கடலடியில் விமானத்தின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. அங்கிருந்து மீட்கப்பட்ட உடைகள் முதலானவை 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில், உறவினர் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தந்தையின் சட்டையையோ மகளின் உடையையோ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் உப்புநீரில் ஊறிய துணியாகக் கண்டு அடையாளம் சொல்லவேண்டிய நிலை, எந்த நாகரிக சமுதாயமும் தன் மக்களுக்கு விதிக்கக்கூடாத ஒன்றாகும். இறந்தவர் இறந்தார் என்பதை அறிவதற்கே அத்தனை காலம் காத்திருந்தவர்களுக்கு, சான்றுகளின் வழியே உறுதிப்பட்ட ஒரு முடிபு, உரிய காலத்தில் கிடைக்கவேண்டிய உரிமையாக இருந்தது. குடிமக்களை ஏற்றிச்செல்லும் விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த இயலாது. அதேபோல், அவ்வழியின் ஆபத்தை அறிந்திருந்தும் மக்களுக்கு வேறு வழியை விட்டுவைக்காத சூழலையும் வரலாறு பதிவு செய்யவேண்டும்.

போருக்குப் பின்னும் தொடர்பவை

ஏவுகணையின் அச்சம் நீங்கியபின் எஞ்சியவை, பழைய ஆபத்துகளே. போர்க்காலத்திலேயே, 2000 மார்ச் 24 அன்று, பாங்கொக்கிலிருந்து சரக்குடன் வந்த அன்டனோவ் 12 விமானம் கட்டுநாயக்காவை அணுகும்போது கதிரானையில் வீடுகளின்மேல் வீழ்ந்து, விமானத்தில் இருந்தவர்களிலும் நிலத்தில் இருந்தவர்களிலும் சிலரைப் பலிகொண்டது. 2014 டிசம்பர் 12 அதிகாலையில், கட்டுநாயக்காவிலிருந்து இரத்மலானைக்கு வந்த விமானப்படையின் அன்டனோவ் 32 விமானம், மூடுபனி அடர்ந்திருந்த வேளையில் கொழும்பின் கிழக்குப் புறநகரான அத்துருகிரிய, ஹோகந்தரப் பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. 2020 ஜனவரி 3 அன்று, வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பணிக்காகப் புறப்பட்ட வை-12 வகை விமானம் ஹப்புத்தளையில் வீழ்ந்து, விமானப்படையினர் நால்வர் உயிரிழந்தனர். பனி, மலை, தரையிறங்கும் கடைசி நிமிடங்கள் என்னும் மூன்றும் இன்றும் இவ்வான்பரப்பின் மாறாத சோதனைகளாக நிற்கின்றன.

இதனிடையே உந்துசுழலி விமானம் பழங்காலப் பொருளாகிவிடவில்லை. குறுந்தொலைவுப் பாதைகளில் ஜெட் விமானத்தை விட எரிபொருளைக் குறைவாகச் செலவிடுவதும், சிறிய ஓடுபாதையில் இறங்கவல்லதும் அதுவே. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து அங்கு பயணிகளை ஏற்றிவந்தது, இரு உந்துசுழலிகள் கொண்ட ஏ.டி.ஆர். 72 வகை விமானமாகும். 2022 மார்ச்சில் இரத்மலானையும் மீண்டும் சர்வதேசப் பயணங்களுக்குத் திறக்கப்பட்டது. 1947இல் தொடங்கிய பாதையின் இலங்கை முனைகள் இரண்டும் இவ்வாறு மீளத் திறந்துள்ள வேளையில், அப்பாதையின் விபத்து வரலாற்றை அறிந்திருப்பது ஆய்வாளருக்கு மட்டுமன்றிப் பயணிகளுக்கும் உரியதாகிறது.

இவ்வரலாறு தரும் முடிபு தெளிவானது. திருச்சிராப்பள்ளியிலும் இரத்மலானையிலும் நேர்ந்தவை பயிற்சியையும் நடைமுறையையும் திருத்தும் வகையைச் சேர்ந்தன. கோத்தகிரியும் சின்னமனூரும் சப்தகன்னி மலையும் ஒரே காரணத்தை மும்முறை கூறி, எச்சரிக்கைக் கருவிகளின் தேவையை நிறுவின. எலக்ட்ராவின் இரு விபத்துகள் வடிவமைப்பைத் திருத்தின. மக்காயின் விடையற்ற விசாரணை பதிவுக் கருவி பரவ வழி திறந்தது. இவற்றில் இறந்தவர்களின் மரணம் பின்னால் வந்தவர்களைக் காத்தது. அதற்கு இடைநின்ற கருவி, சான்றைத் தேடி எடுத்து, ஆராய்ந்து, முடிபை எல்லோரும் படிக்க வெளியிட்ட அறிக்கை ஒன்றே. எங்கே அவ்வறிக்கை தாமதித்ததோ, அங்கே வதந்தியும் ஐயமும் அரசியலும் அவ்விடத்தை நிரப்பின. உறவினர் துயரம் தலைமுறை கடந்து நீண்டது.

ஆகவே, இலங்கை அரசும் அதன் வான்போக்குவரத்து அதிகாரிகளும், குடிசார் விமானமாயினும் படைத்துறை விமானமாயினும், இனி நிகழும் ஒவ்வொரு விபத்தின் இறுதி அறிக்கையையும், பாதுகாப்புக் கருதி மறைக்கவேண்டிய பகுதிகள் நீங்கலாக, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உரிய காலத்துக்குள் வெளியிட வேண்டும்; பழைய விபத்துகளின் ஆவணங்களைத் தேசிய சுவடிக்கூடத்தில் ஒன்றுசேர்த்துப் பொதுமக்களின் பார்வைக்குத் திறக்க வேண்டும்; 1998 செப்டெம்பர் 29 அன்று இறந்த 55 பேரின் உறவினருக்கு, கண்டெடுக்கப்பட்ட சான்றுகள் அனைத்தின் விவரத்தையும் எழுத்தில் வழங்க வேண்டும். இவற்றைச் செய்வதற்குப் புதிய தொழில்நுட்பமோ பெரும்பொருளோ தேவையில்லை. உண்மையை மக்களுக்கு உரியதாகக் கருதும் மனம் இருந்தாற் போதும்.